கூண்டுக்கிளியின் அச்சமும் நம்பிக்கையும்: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

கூண்டிலிருந்து மீட்கப்பட்ட கிளி மனிதக் கையைக் கண்டதும் ஒடுங்கும், அலறும், அல்லது கடிக்கும். அதன் அச்சத்தைப் போக்கி நம்பிக்கையைப் பெறுவது இன்று பறவை மருத்துவர்களும் மறுவாழ்வு மையங்களில் பணிபுரிவோரும் கற்கும் ஒரு தனித்திறன். தமிழகத்தில் இந்தத் திறன் புதியது. கிளியை விரட்டுவதற்கும் பிடிப்பதற்கும் பேச வைப்பதற்கும் நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. பிடித்த கிளியின் பயத்தைப் பற்றி எண்ணிப் பார்க்கும் பழக்கம் அண்மையில்தான் தொடங்கியிருக்கிறது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் இலக்கியத்திலும் வயல்வெளியிலும் கோயில்களிலும் இந்த வரலாற்றின் தடயங்கள் பல உள்ளன. அவற்றிலிருந்து தொடங்கி, அஞ்சும் கிளியை இன்று எவ்வாறு அணுகுகிறார்கள் என்பது வரை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்களும் இனங்களும்

தமிழில் கிளிக்குக் கிள்ளை, தத்தை, அஞ்சுகம், சுகம் முதலிய பெயர்கள் உண்டு. பறவைக் குஞ்சுகளைப் பார்ப்பு என்றும் பிள்ளை என்றும் அழைக்கும் மரபைத் தொல்காப்பியத்தின் மரபியல் குறிக்கிறது. இன்றும் வீட்டில் வளரும் கிளியைக் கிளிப்பிள்ளை என்றே சொல்கிறோம். 'கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல்' என்ற வழக்கில் செல்லமும் இருக்கிறது, சலிப்பும் இருக்கிறது.

கூண்டுகளில் அதிகம் காணப்படுவது செந்தார்ப் பைங்கிளி. வால் உட்பட ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமுள்ளது. ஆண் கிளிக்குக் கழுத்தில் கருப்பும் இளஞ்சிவப்பும் கலந்த வளையம் இருக்கும். இது பிறந்தவுடன் தோன்றுவதில்லை, ஏறக்குறைய மூன்று வயதில்தான் முழுமையாகத் தெரியும். வயலை ஒட்டிய மரங்களிலும் ஊருக்குள் உள்ள பழைய கட்டடங்களின் பொந்துகளிலும் இக்கிளி வாழும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கே உரியது நீலச் சிறகுகள் கொண்ட நீலப் பைங்கிளி. கத்தரிப்பூச் சிவப்பில் தலை உடைய செந்தலைக் கிளியும், தலைகீழாகத் தொங்கியபடி உறங்கும் சின்னக்கிளியும் மலையடிவாரத் தோப்புகளுக்கு வருபவை.

இவை பொந்தில் கூடு வைப்பவை. மரத்தைக் குடைந்து புதிய பொந்தை உருவாக்கும் வலிமை பெரும்பாலும் இவற்றுக்கு இல்லை. மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்தையோ, பட்டுப்போன கிளையில் தானாக ஏற்பட்ட குழியையோ தேடிப் பெரிதாக்கிக்கொள்கின்றன. அந்தப் பொந்துகள் ஆண்டுதோறும் பயன்படுவதால் குஞ்சு எடுப்பவர்களுக்கும் நன்கு தெரிந்த இடங்களாகிவிடுகின்றன. கூண்டுக்கிளியின் கதை பெரும்பாலும் இந்தப் பொந்துக்குள் நீளும் ஒரு கையிலிருந்து தொடங்குகிறது.

புனம் காத்தல்

சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில் கிளி ஒரு திருடன். மலைச்சரிவில் விளைந்த தினைக் கதிரைக் கொய்ய வரும் கிளிக்கூட்டத்தை ஓட்டுவது தலைவியின் வேலை. உயரமான பரண்மேல் அமர்ந்து, தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளால் ஒலி எழுப்பிக் கிளியை விரட்டுவதைக் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் காண்கிறோம். கவணில் கல் வைத்து எறிவதும் உண்டு. வள்ளி தினைப்புனம் காத்த கதை முருக வழிபாட்டின் நடுவிலேயே இருக்கிறது. எனினும், புனத்தில் விரட்டப்பட்ட அதே கிளி அகப்பாடல்களில் தலைவியின் சொல்லைக் கேட்கும் துணையாகவும் வருகிறது. விரட்டுதலும் விரும்புதலும் தொடக்கத்திலேயே இணைந்திருந்தன.

இந்தக் காட்சி தென்காசிப் பகுதியில் இன்றும் முற்றாக மறையவில்லை. தென்காசிக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல்களுக்குப் பெயர்பெற்றது. குற்றாலச் சாரல் காலத்தையொட்டிப் பூக்கும் அந்த வயல்களைப் பார்க்க வெளியூர்களிலிருந்தும் வருகிறார்கள். சூரியகாந்தி விதை கிளிக்கு மிகவும் பிடித்த இரை. பூவைப் படம் எடுக்க வருபவருக்குக் கிளிக்கூட்டம் அழகு, கதிர் முற்றும்வரை காத்திருக்கும் உழவருக்கோ அது இழப்பு. தலைமுறை தலைமுறையாகக் கல்லும் சத்தமும் கண்ட பறவையின் உடலில் மனித உருவத்தைக் கண்டதும் பறந்துவிடும் எச்சரிக்கை ஊறியிருப்பதில் வியப்பில்லை. அந்த எச்சரிக்கைதான் அதை உயிரோடு வைத்திருக்கிறது.

கண்ணியும் தூதும்

கிளி முதலான பறவைகளைப் பிடிப்பதும் இவ்வட்டார இலக்கியத்தில் இடம்பெற்றுள்ளது. குற்றாலத்தை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்நூலுக்குப் பரிசாக நிலம் அளித்தார். அந்நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர்பெற்றது. நூலின் முற்பகுதியில் வசந்தவல்லியும் குறி சொல்லும் சிங்கியும் முதன்மை பெறுகிறார்கள். பிற்பகுதியில் வரும் சிங்கன் பறவை பிடிப்பவன். அவன் தன் துணைவனான நூவனுடன் வயல்களில் கண்ணி குத்துவதும், பறவைகள் வந்து இறங்குவதையும் மேய்வதையும் பார்த்து மகிழ்வதும் நூலில் விரிவாக வருகின்றன. பறவை எப்போது இறங்கும், எதைக் கண்டு கலையும் என்பதைச் சிங்கன் நுட்பமாக அறிந்தவன். அஞ்சும் பறவையின் நடத்தையைக் கூர்ந்து கவனிப்பது அவனுக்கு வேட்டைக்கு உதவியது. அதே கவனிப்புதான் இன்று மீட்பாளருக்கும் தேவைப்படுகிறது. நோக்கம் மட்டும் எதிர்த்திசையில் இருக்கிறது.

இதே வட்டாரத்தில் இதற்கு மாறான ஒரு கதையும் தமிழில் எழுதப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் நளன் கதையை நைடதம் என்ற காப்பியமாகப் பாடினார். நளன் கதையில் அவன் ஓர் அன்னத்தைப் பிடிக்கிறான். அகப்பட்ட அன்னம் அஞ்சுகிறது. அவன் அதைத் துன்புறுத்தாமல் விட்டுவிடுகிறான். விடுதலை பெற்ற அன்னம் அவனுக்காகவே தமயந்தியிடம் தூது செல்கிறது. பறவை அன்னமானாலும் கிளியானாலும் கருத்து ஒன்றுதான்: பிடியைத் தளர்த்திய பிறகே நட்பு தொடங்குகிறது. கதைக்காகக் கவிஞர்கள் சொன்னதைப் பறவைப் பயிற்சி பற்றிய பிற்கால ஆய்வுகள் வேறு வழியில் கண்டடைந்தன.

தூது இலக்கியத்தில் கிளிக்கும் இடமுண்டு. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் பாடிய அழகர் கிள்ளைவிடு தூது அவற்றுள் புகழ்பெற்றது. தூதாகச் செல்லும் கிளி கூண்டில் இருக்க முடியாது. பறக்கவும் திரும்பி வரவும் உரிமையுள்ள பறவையே தூதுக்குத் தகுதியானது.

கோயிலும் கிளியும்

மதுரை மீனாட்சியின் கையில் கிளி இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலின் கிளிக்கூண்டு மண்டபத்தில் முற்காலத்தில் கிளிகள் வளர்க்கப்பட்டன. மன்மதனின் ஊர்தி கிளி என்பது புராண மரபு. அருணகிரிநாதர் கிளி வடிவம் கொண்டார் என்ற நம்பிக்கையால் திருவண்ணாமலையில் ஒரு கோபுரம் கிளி கோபுரம் என்றே வழங்குகிறது.

தென்காசியிலிருந்து வடக்கே சென்றால் வரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு வழக்கம் இருக்கிறது. ஆண்டாளின் இடக்கையில் உள்ள கிளி நாள்தோறும் இலைகளாலும் பூக்களாலும் புதிதாகச் செய்யப்படுகிறது. உடலுக்கு மரவள்ளி இலை, அலகுக்கு மாதுளம்பூ என ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பொருள். உயிருள்ள கிளி ஒன்றைப் பிடிக்காமலே கிளியைக் கையில் வைத்திருக்கும் அழகிய ஏற்பாடு இது. கிளியின்மேல் அன்பு கொள்வதற்குக் கிளியை உடைமையாக்க வேண்டியதில்லை என்று நம் மரபிலேயே காட்டக்கூடிய சான்றுகளில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

பேசப் பழக்குதல்

கிளியையும் மைனாவையும் பேசப் பழக்குவது வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் கூறும் 64 கலைகளுள் ஒன்று. இந்தியக் கிளியின் பேச்சு கிரேக்கரையும் வியக்க வைத்தது. பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கரான டீசியஸ், இந்தியாவைப் பற்றிய தம் நூலில் பேசும் கிளியைக் குறிப்பிட்டார். அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பிறகு இந்தியக் கிளிகள் மேலைநாடுகளில் மேலும் அறிமுகமாயின. பெரிய பச்சைக்கிளிக்கு இன்றும் அலெக்சாண்டிரைன் என்ற பெயர் வழங்குவது அந்த நினைவினால்தான்.

கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய அறிஞர் பிளினி எழுதியதைப் படித்தால் கிளியின் நிலை வேறாகத் தெரியும். கிளியின் தலை மிகவும் கடினமானது, எனவே பேசப் பழக்கும்போது இரும்புக் கம்பியால் தலையில் அடிப்பார்கள், இல்லையேல் அதற்கு உறைக்காது என்று அவர் குறிப்பிடுகிறார். நம் ஊர்களிலும் கிளிக்கு வசம்பு கொடுத்தால் பேச்சு வரும், நாக்கைச் சுரண்டினால் தெளிவாகப் பேசும் என்ற நம்பிக்கைகள் இருந்தன. உண்மையில் பறவையின் குரல் பிறப்பது மூச்சுக்குழாயின் அடியிலுள்ள குரலுறுப்பில். அந்த ஒலியைச் சீர்ப்படுத்தக் கிளிக்கு நாக்கு தேவை. நாக்கைப் புண்படுத்தினால் பேச்சு வளராது, உண்பதே கடினமாகும்.

20ஆம் நூற்றாண்டில் இந்த எண்ணம் மாறியது. விலங்கு தானாகச் செய்த ஒரு செயலுக்கு உடனே இரையோ பாராட்டோ கிடைத்தால் அச்செயலை அது மீண்டும் செய்யும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் ஆய்வுகளில் காட்டினார். அவருடைய மாணவர்களான கெல்லர் பிரெலண்டும் மரியன் பிரெலண்டும் 1940களில் இந்த முறையை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்து பலவகை விலங்குகளையும் பறவைகளையும் பயிற்றுவித்தனர். 1977இல் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல்நிறக் கிளியுடன் தம் ஆய்வைத் தொடங்கினார். பறவையின் முன்னிலையில் இருவர் உரையாடுவார்கள். ஒருவர் பொருளைக் காட்டிக் கேட்பார், மற்றவர் பெயரைச் சொல்லி அப்பொருளைப் பெறுவார். பார்த்துக்கொண்டிருக்கும் பறவை தானும் அந்த உரையாடலில் நுழைய விரும்பும். 2007இல் இறக்கும்வரை அலெக்ஸ் நிறங்கள், வடிவங்கள், சிறிய எண்கள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் காட்டியது. கம்பியால் அடித்துக் கற்பித்த காலத்துக்கும் இதற்கும் உள்ள தொலைவை ஆசிரியப் பணியில் இருந்தவர்கள் எளிதில் உணர்வார்கள். வகுப்பறையிலும் பிரம்பு விலகியது இதே நூற்றாண்டில்தான்.

கிளி ஜோதிடம்

திருவிழாக் கூட்டங்களிலும் சாலையோர மரத்தடிகளிலும் கிளி ஜோதிடர் அமர்ந்திருப்பது தமிழகத்தில் பல தலைமுறைகள் கண்ட காட்சி. சிறிய கூண்டின் கதவு திறக்கும், கிளி நடந்து வந்து அடுக்கிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் போடும், ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு மீண்டும் கூண்டுக்குள் போகும். ஜோதிடர் சீட்டிலுள்ள படத்தைப் பார்த்துப் பலன் சொல்வார்.

செயலுக்குப் பின் இரை என்ற முறை இங்கும் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கிளி மனிதரை நம்புகிறது என்று கொள்ளலாமா? அதன் சிறகு வெட்டப்பட்டிருக்கும், அதனால் வேறு போக்கிடம் இல்லை. தப்ப வழியில்லை என்று தெரிந்த விலங்கு எதிர்ப்பை நிறுத்திவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சாதுவாகத் தோன்றும். மீட்கப்பட்ட கிளியைப் பேணுவோர் முதலில் கற்கும் பாடம் இதுதான்: அடங்கிய பறவையையும் அச்சம் தெளிந்த பறவையையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

இத்தொழிலைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். சட்டம் இறுகியபோது அவர்களின் பிழைப்பும் ஆட்டம் கண்டது. 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூரில் ஒரு வேட்பாளர் கிளி ஜோதிடம் பார்த்த செய்தி பரவியதும், அந்த ஜோதிடரின் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது. பறவையின் விடுதலையும் மனிதரின் மாற்றுப் பிழைப்பும் ஒரே நேரத்தில் எண்ணப்பட வேண்டியவை என்பதை அந்நிகழ்வு நினைவூட்டியது.

சட்டத்தின் வருகை

1972இல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியக் காட்டுப்பறவைகளுக்கு முதல் பெரிய காப்பு. அச்சட்டத்தில் வேட்டை என்ற சொல் கொல்வதை மட்டும் குறிப்பதில்லை, பிடிப்பதையும் கண்ணி வைப்பதையும் கூட்டைக் கலைப்பதையும் சேர்த்தே குறிக்கிறது. அதற்குப் பிறகும் இந்தியாவிலிருந்து பறவை வணிகம் நடந்தது. 1990, 1991 ஆண்டுகளில் உள்நாட்டுப் பறவை இனங்களின் வணிகம் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு நான்காம் அட்டவணையில் இருந்த செந்தார்ப் பைங்கிளி இப்போது இரண்டாம் அட்டவணையில் உள்ளது.

2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு திரைப்பட நடிகரின் வீட்டிலிருந்த இரண்டு அலெக்சாண்டிரைன் கிளிகளை வனத்துறை மீட்டுக் கிண்டிக்குக் கொண்டுசென்றது. அவருக்கு 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. வீட்டுக் கிளியும் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தனர். அதே ஆண்டு ஜூலையில் கோயம்புத்தூர் வனத்துறை, கிளி வளர்ப்போர் அவற்றைத் தாமாகவே ஒப்படைக்குமாறு கேட்டுக்கொண்டது.

ஆகவே அடிபட்ட நாட்டுக் கிளியோ யாரோ விட்டுச்சென்ற கிளியோ கைக்கு வந்தால், முதலில் செய்யவேண்டியது வனத்துறைக்குத் தெரிவிப்பது. அன்பின் பேரிலும் அதை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர், காக்கட்டீல் போன்ற அயல்நாட்டு இனங்கள் வேறு. பட்ஜெரிகரை இங்கிலாந்துக்கு 1840இல் ஜான் கூல்ட் கொண்டுசென்றார், பின்னர் அது உலகெங்கும் பரவியது. தமிழகத்தில் இதைத்தான் பலரும் லவ் பேர்ட்ஸ் என்கிறார்கள். அப்பெயருக்கு உரிய பறவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மற்றோர் இனம். அயல்நாட்டுக் கிளிகளும் கைவிடப்படுகின்றன, மீட்கப்படுகின்றன. அவற்றை இங்கே காட்டில் விட முடியாது. ஆகவே அவற்றுக்கு மனிதரோடு வாழும் நம்பிக்கை வாழ்நாள் தேவை.

கிளி ஏன் அஞ்சுகிறது

கிளி இரையாகும் பறவை. வல்லூறு, பாம்பு, பூனை எனப் பல திசைகளிலிருந்தும் ஆபத்து வரும். அதனால் அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்து, பரந்த வெளியை ஒரே நேரத்தில் பார்க்கின்றன. இரு கண்களும் முன்னோக்கி இருக்க, உற்றுப் பார்த்தபடி நேராக நெருங்கும் உருவம் அதற்கு வேட்டை விலங்காகத் தோன்றும். மேலிருந்து இறங்கும் கை பருந்தின் பிடியை ஒத்தது. பொந்திலிருந்து எடுத்தது, சாக்கில் திணித்தது, சிறகை வெட்டியது எல்லாம் கையே. எனவே மனிதரின் முகத்தைவிடக் கையைக் கண்டே மீட்கப்பட்ட கிளி அதிகம் அஞ்சுகிறது.

அச்சத்துக்கு மொழி உண்டு. இறகுகளை உடலோடு ஒட்டி மெலிந்து நிற்பது, அசையாமல் உறைவது, வாயைத் திறந்து மூச்சிரைப்பது, கூண்டின் பின்மூலைக்கு ஒதுங்குவது ஆகியவை முதல் அறிகுறிகள். அவற்றைப் பொருட்படுத்தாமல் நெருங்கினால் கடிக்கும். கடியைத் திமிர் என்று எண்ணுவது தவறு. முன்பு சொன்ன எதையும் கேளாதவரிடம் கிளி சொல்லும் கடைசிச் சொல் அது. தெளிவுக்கும் அடையாளங்கள் உண்டு. ஆள் இருக்கும்போதே உண்பது, இறகைக் கோதுவது, ஒற்றைக் காலில் நிற்பது, உறங்கும் முன் அலகை மெல்ல அரைத்துக்கொள்வது ஆகியவை அச்சம் குறைவதைக் காட்டும்.

நம்பிக்கை பெறும் படிகள்

முதலில் மருத்துவம். மீட்கப்பட்ட கிளிகள் பலவும் ஊட்டக் குறையோடு வருகின்றன. சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று வளர்ந்த கிளிக்குக் கொழுப்பு மிகும், வைட்டமின் ஏ குறையும். வலியோடு இருக்கும் பறவையிடம் நம்பிக்கையை எதிர்பார்க்க முடியாது. கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய நோய்களும் உண்டு. புதிதாக வந்த கிளியைத் தனியே வைப்பதும், கூண்டைத் தொட்டபின் கை கழுவுவதும் இதனால்தான்.

அடுத்தது இடம். கூண்டின் ஒரு புறம் சுவரை ஒட்டியிருந்தால் பின்னாலிருந்து ஆபத்து வராது என்ற உறுதி பறவைக்குக் கிடைக்கும். நடமாட்டமும் தொலைக்காட்சி ஒலியும் குறைந்த அறை, நாய் பூனை வராத உயரம், இரவில் 10 முதல் 12 மணி நேர இருட்டு ஆகியவை தேவை. ஒரு பகுதியைத் துணியால் மூடி, வேண்டும்போது ஒளிந்துகொள்ள வசதி செய்வது நல்லது. ஒளிந்துகொள்ள முடியும் என்று தெரிந்த பறவைதான் துணிந்து வெளியே வரும்.

மூன்றாவது தொலைவு. ஆள் எத்தனை அடி தள்ளி நின்றால் கிளி பதறாமல் உண்கிறதோ அதுதான் தொடங்கும் இடம். அங்கே பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து, மெல்லிய குரலில் பேசியோ படித்தோ நேரத்தைக் கழிக்கலாம். நாள்தோறும் அதே ஆள், அதே நேரம், அதே குரல். பறவைக்குப் புரியும் ஒழுங்கு உருவான பிறகே ஓர் அடி நெருங்க வேண்டும். பதறினால் பழைய தொலைவுக்குத் திரும்புவதே முறை.

நான்காவது இரை. கொய்யாத் துண்டு, கோவைப்பழம், பச்சை மிளகாய், முருங்கைக் கீரை, தினைக் கதிர் ஆகியவற்றுள் கிளி முதலில் எதை எடுக்கிறது என்று சில நாள் கவனித்தால் அதன் விருப்பம் தெரியும். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது. வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி ஆகியவை கிளிக்கு நஞ்சு. விருப்பமான இரையை முதலில் கிண்ணத்தில் வைத்து விலகுவது, பிறகு கம்பி வழியே நீளமான துண்டாக நீட்டுவது, கடைசியில் விரலிலிருந்து கொடுப்பது என்பது வரிசை. இதற்காகப் பறவையைப் பட்டினி போடக்கூடாது.

ஐந்தாவது கால் வைத்தல். கைக்கு முன் ஒரு குச்சியில் ஏறப் பழக்குவது எளிது. குச்சி யாரையும் பிடித்ததில்லை. கிளி தானாகக் கால் வைத்தால் உடனே இரை கிடைக்கும், வைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. வேண்டாம் என்று சொல்ல அதற்கு வழி இருப்பது இம்முறையின் உயிர். அச்சமில்லாத மற்றொரு பறவையோ வீட்டிலுள்ள ஒருவரோ அதன் கண்ணெதிரே கையிலிருந்து பெற்று உண்டால், பார்த்துக் கற்கும் இயல்புடைய கிளி விரைவில் துணியும்.

இதற்கு எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. சில பறவைகளுக்கு வாரங்கள், சிலவற்றுக்கு ஆண்டுகள். ஒருமுறை வலுக்கட்டாயமாகப் பிடித்தால் பல வாரப் பழக்கம் கரைந்துவிடும். மருந்து கொடுக்கப் பிடிக்க நேர்ந்தால் அதை வேறொருவர் செய்வது நல்லது. உணவு தரும் கையின் நற்பெயர் அப்போது கெடாது.

இருவகை நம்பிக்கை

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. அயல்நாட்டுக் கிளிக்கும், சிறகு நிலையாகக் கெட்டுப்போன நாட்டுக் கிளிக்கும் மனிதரோடு ஒட்டி வாழும் நம்பிக்கை நலம் தரும். திரும்பவும் பறக்கக்கூடிய நாட்டுக் கிளிக்கு அதே நம்பிக்கை ஆபத்தாகலாம். குஞ்சாகப் பிடிபட்டுக் கைச்சோற்றில் வளர்ந்த கிளி மனிதரை நாடி வரும், பூனையை அறியாது. அப்படியே திறந்துவிட்டால் சில நாளில் அழியும்.

அதனால் விடுவிக்கப்பட வேண்டிய கிளியிடம், பதறாமல் உண்ணவும் மருந்து ஏற்கவும் போதுமான அளவு நம்பிக்கையை மட்டுமே வளர்ப்பது முறை. பிறகு அது தன் இனத்தோடு சேர்ந்து வாழ வேண்டும். வெட்டிய இறகு தானாக வளராது. அது உதிர்ந்து புதிய இறகு முளைக்கப் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டும் ஆகும். பெரிய பறவைக்கூடத்தில் பறந்து பழகி, சிறகுத் தசை வலுவடைந்து, காட்டு இரையை அடையாளம் கண்டபின்தான் விடுதலை. கூண்டைத் திறந்து வானத்தில் வீசுவது படத்துக்கு அழகாக இருக்கலாம், பறவைக்கு உதவாது.

மொட்டை மாடியில் ஒரு சான்று

பிடிக்காமலே கிளியின் நம்பிக்கையைப் பெற முடியும் என்பதற்குச் சென்னை ராயப்பேட்டையில் ஒரு சான்று கிடைத்தது. கேமரா பழுதுபார்க்கும் தொழில் செய்த ஒருவர், 2004 சுனாமிக்குப் பின் தம் மொட்டை மாடிக்கு வந்த ஓரிரு கிளிகளுக்கு ஊறவைத்த அரிசியைப் பலகைகளில் வைக்கத் தொடங்கினார். நாள் தவறாமல், நேரம் தவறாமல் வைத்தார். காலப்போக்கில் ஆயிரக்கணக்கான கிளிகள் அங்கே இறங்கின. அங்கே கூண்டும் இல்லை, வெட்டிய சிறகும் இல்லை. ஒரு வாகனத்தின் ஒலி கேட்டால் கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிடும். ஆபத்து நீங்கியதும் மீண்டும் இறங்கும். பறந்துபோக முடிந்த பறவை திரும்பி வருகிறது என்றால், அதற்கு வேறு எந்த விளக்கமும் தேவையில்லை.

திணைப்புனத்தில் கவண் வீசிய காலத்திலிருந்து குறவஞ்சியின் கண்ணி, ஜோதிடரின் கூண்டு, சட்டத்தின் அட்டவணை என்று கிளியின் வரலாறு நீண்டிருக்கிறது. இவற்றில் பெரும்பகுதி மனிதர் கிளியிடமிருந்து எதையாவது பெற்ற வரலாறு: தினையைக் காத்தோம், பேச்சைக் கேட்டோம், பலனைக் கேட்டோம். அஞ்சும் கிளியின்முன் பேசாமல் அமர்ந்து, அதுவாக ஓர் அடி எடுத்து வைக்கும்வரை காத்திருப்பது, நாம் எதையும் கேட்காமல் இருக்கக் கற்கும் முதல் பயிற்சி. தென்காசியின் அதிவீரராம பாண்டியர் பாடிய நளன் அன்னத்தை விட்ட கதை இந்தப் பயிற்சிக்கு நல்ல முன்னுரை. குற்றாலச் சாரலில் மரத்துக்கு மரம் கத்திக்கொண்டு பறக்கும் கிளிக்கூட்டம்தான் அது சென்றுசேர வேண்டிய இடம்.